எந்தப் பாட்டு முதலில்? ஆல்பத்தின் சிங்கிள் வரிசையை மாற்றி அமைக்க ஒரு டர்பன் வழிகாட்டி

டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'லவ்வர்' ஆல்பம் 2019 ஆகஸ்ட் 23 அன்று வந்தது. அதற்கு நான்கு மாதம் முன்பு, ஏப்ரல் 26 அன்று, முதல் சிங்கிளாக (ஆல்பத்திலிருந்து தனியாக விடும் பாட்டு) 'மீ!' வெளியானது. பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 2ஆம் இடம்வரை போனதால் அதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கொண்டாட்டப் பாட்டைக் கேட்டவர்கள் முழு ஆல்பமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். அதே ஆல்பத்தில் இரண்டாவது பாட்டாக இருந்த 'க்ரூயல் சம்மர்' நான்கு ஆண்டு சும்மா கிடந்தது. 2023இல் ஈராஸ் சுற்றுப்பயண மேடைகளில் அரங்கமே சேர்ந்து பாட ஆரம்பித்த பிறகுதான் அதைச் சிங்கிள் ஆக்கினார்கள். அந்த அக்டோபரில் அது முதலிடம் பிடித்தது. பாட்டும் குரலும் மாறவில்லை, வரிசைதான் மாறியது.

உலக நட்சத்திரத்துக்கு நான்கு ஆண்டு கழித்தும் மறு வாய்ப்பு வரும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இருந்து தமிழ் பாப் பாடுகிறவருக்கு அது வராது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதே நல்லது. கீழே உள்ள கணக்கு 11 பாட்டு கொண்ட ஓர் ஆல்பத்துக்கு. ஆல்ப நாள் 2026 அக்டோபர் 30, வெள்ளி. தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. உங்கள் ஆண்டு வேறு என்றால் வாரக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: ஆல்பத்தை முடித்துவிடுங்கள்

பலரும் இரண்டு பாட்டு தயாரானதும் ஒன்றை வெளியே விட்டுவிட்டு மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். பிற்பாடு வரும் கோளாறுகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது. ஆல்பத்துக்காக மொத்தமாக மாஸ்டரிங் (கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்யும்போது முதல் சிங்கிளின் ஒலி மற்றவற்றோடு ஒட்டாது. உடனே அதை மறுபடி மாஸ்டர் செய்வார்கள், முடிவில் இரண்டு விநாடி வெட்டுவார்கள், ஒரு கோரஸைச் சேர்ப்பார்கள். ஸ்ட்ரீமிங் தளம் அதை வேறு பதிவாக எடுத்துக்கொள்ளும். நான்கு மாதம் சேர்த்த கேட்பு எண்ணிக்கை பழைய சிங்கிளில் தங்கிவிடும், ஆல்பத்தில் அதே பாட்டு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

ஆகவே 11 பாட்டும் கலவை முடிந்து, ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் மாஸ்டர் ஆகியிருக்க வேண்டும். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு. அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஐ.எஸ்.ஆர்.சி. எண்: பதிவை அடையாளம் காட்டும் சர்வதேச எண், 12 எழுத்து-இலக்கம் கொண்டது. தென்னாப்பிரிக்காவில் அதைத் தருவது ரிசா என்னும் ஒலிப்பதிவுத் தொழிலமைப்பு. பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் உங்கள் விநியோகஸ்தரும் தரலாம். யார் தந்தாலும் ஒரு பாட்டுக்கு ஒரே எண், கடைசிவரை. அதைத் தாளில் எழுதி வையுங்கள். விநியோகஸ்தர் தளத்தில் அந்தப் பெட்டியைக் காலியாக விட்டால் அது புது எண்ணைத் தானாகப் போட்டுவிடும்.

பாட்டுகளைத் தாளில் பிரித்துப் போடுங்கள்

11 வரிசை, 6 கட்டம். பாட்டு தொடங்கிக் குரல் வரும் விநாடி. பல்லவி வரும் விநாடி. நிமிடத்துக்கு எத்தனை அடி. பல்லவியில் எத்தனை தமிழ்ச் சொல், அவற்றில் டர்பனில் பிறந்து வளர்ந்தவருக்கு எத்தனை புரியும். ஆல்பத்தின் மற்ற பாட்டு தெரியாமல் இது தனியாக நிற்குமா. மேடையில் பக்கவாத்தியம் குறைந்தாலும் தாங்குமா.

ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு. அதனால் குரல் 8 முதல் 10 விநாடிக்குள்ளும், பல்லவியோ அதன் ஒரு துண்டோ 35 முதல் 40 விநாடிக்குள்ளும் வராத பாட்டு முதல் சிங்கிளுக்கு ஆகாது. ஆலாபனையில் தொடங்கும் அழகான பாட்டு உங்களிடம் இருக்கலாம். அது ஆல்பத்தில் முதல் பாட்டாக இருக்கட்டும்; முதல் சிங்கிளாக வேண்டாம்.

நான்காவது கட்டம் நம் ஊருக்கே உரியது. இங்கே பெரும்பாலான வீடுகளில் பேச்சு ஆங்கிலம். தமிழ் என்பது தேவாரம், பஜனை, சினிமாப் பாட்டு, அம்மா–ஆயா–தாத்தா என்று கூப்பிடும் சொற்கள், சனிக்கிழமைப் பாடசாலை. சென்னைக் கவிஞர் எழுதிய அடர்த்தியான பல்லவியைச் சென்னையும் கோலாலம்பூரும் ரசிக்கும், சாட்ஸ்வொர்த் முனகாது. பல்லவியின் திரும்பத் திரும்ப வரும் சொல் 'வா', 'கண்ணே', 'போதும்' மாதிரி இரண்டு மூன்று அசைக்குள், வாயில் நிற்பதாக இருந்தால் அதுவே முதல் சிங்கிளுக்கான தகுதி. கடினமான வரிகளைச் சரணத்தில் வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் சோதனை

குடும்பத்தாரிடமும் ஸ்டுடியோவில் இருந்தவர்களிடமும் கேட்கக் கூடாது. அவர்கள் பாட்டை நூறு தடவை கேட்டுவிட்டார்கள். மூன்று குழுவாக 15 பேர்: 20 வயதுக்குக் கீழ் ஐவர், 25 முதல் 40 வரை ஐவர், ஆயா வயதில் ஐவர். ஒவ்வொருவருக்கும் ஐந்து பாட்டின் 45 விநாடித் துண்டுகளை வாட்ஸாப்பில் அனுப்புங்கள். பெயர், படம் எதுவும் கூடாது. அன்றைக்கு அபிப்பிராயம் கேட்க வேண்டாம். மறுநாள் சாயங்காலம் குரல் பதிவு ஒன்று அனுப்பச் சொல்லுங்கள்: நினைவில் இருப்பதை முனக வேண்டும், அவ்வளவுதான்.

எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் மெதுவான, உருக்கமான பாட்டைத்தான் சொல்வார்கள்; மரியாதையாக இருக்கும். முனகச் சொன்னால் உண்மை வெளியே வரும். 15 பேரில் 6 பேராவது ஒரே பாட்டை முனகினால் முதல் சிங்கிளுக்கு ஆள் கிடைத்துவிட்டது. மூன்று பாட்டுக்கு வாக்கு சமமாகப் பிரிந்தால் இளையவர்கள் பக்கம் சாயுங்கள். பாட்டைப் பகிர்வது அவர்கள்தான், பெரியவர்கள் அவர்களிடமிருந்து வாங்கிக் கேட்பார்கள்.

ஒவ்வொரு சிங்கிளுக்கும் ஒரு வேலை

முதலாவது கதவைத் தட்டும். இரண்டாவது வந்தவரை உட்கார வைக்கும். மூன்றாவது ஆல்பத்துக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும். நான்காவது ஆல்ப நாளில் வரும் முகப்புப் பாட்டு; அது அதுவரை வெளிவராததாக இருக்க வேண்டும். ஐந்தாவது தேவைப்பட்டால் மட்டும்.

ஒரே வேலையை இரண்டு பாட்டுக்குக் கொடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஆட்டப் பாட்டு ஓடியது என்று அடுத்ததும் ஆட்டப் பாட்டு விட்டால், இரண்டாவது முதலாவதன் நகல் என்று பெயர் வாங்கும். இன்னொரு தவறு, பாட்டுக்காக அல்லாமல் கூடப் பாடும் ஆளுக்காக முதல் சிங்கிளைத் தேர்வது. 1982 அக்டோபரில் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்துக்கு முன்னோட்டமாக வந்தது பால் மெக்கார்ட்னியுடன் பாடிய மென்மையான ஜோடிப் பாட்டு. அதைக் கேட்டவர் அடுத்த ஜனவரியில் 'பில்லி ஜீன்' வரப்போகிறது என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அந்த ஆல்பத்தின் 9 பாட்டில் 7 சிங்கிளாகி ஏழும் அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்ததால் அந்தத் தொடக்கத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. உங்களிடம் ஏழு இல்லை.

புகழ்பெற்றவர் ஒருவர் கூடப் பாடியிருந்தால் அந்தப் பாட்டை இரண்டாவதாக வையுங்கள். முதல் பாட்டால் உங்களைக் கொஞ்சம் தெரிந்துகொண்ட பிறகு வரும் துணைக்குரல், அவர் ரசிகர்களையும் உங்கள் பக்கம் கொண்டுவந்து விட்டுப்போகும். முதலிலேயே வந்தால் அது அவர் பாட்டாகிவிடும். அவரை விநியோகஸ்தர் தளத்தில் முறையாகக் கூட்டுக் கலைஞராகச் சேருங்கள். தலைப்பில் மட்டும் பெயரை எழுதினால் அவர் பக்கத்தில் பாட்டு வராது, அவரைப் பின்தொடர்பவர்களுக்கும் போகாது.

நாள்காட்டி

2015 ஜூலையிலிருந்து உலகெங்கும் புதுப் பாட்டு வெள்ளிக்கிழமை வெளியாகிறது. ஒவ்வொரு நாட்டிலும் அந்த ஊர் நள்ளிரவில் திறக்கும். கோலாலம்பூரில் வெள்ளி பிறக்கும்போது டர்பனில் வியாழன் மாலை 6 மணி. சென்னையில் பிறக்கும்போது இங்கே இரவு 8.30. வியாழன் சாயங்காலமே மலேசியாவிலிருந்து பாட்டு திரும்பி இங்கே வந்துவிடும் என்பதை மறக்காமல் வானொலி முதல் ஒலிபரப்பையும் யூடியூப் பிரீமியரையும் அதற்கேற்ப வையுங்கள்.

முதல் சிங்கிள், ஜூன் 26. மாதச் சம்பளம் 25ஆம் தேதியை ஒட்டி வரும். டேட்டா வாங்கக் கையில் காசு இருக்கும். ஜூலை முதல் சனிக்கிழமை டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம், அந்த வாரம் முழுக்க ஊரில் விருந்து. துள்ளல் பாட்டுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. மாரியம்மன் கூழ் ஊற்றும் மாதம். கல்யாண மண்டபங்கள் காலி. அதற்குள் பாட்டுக்கு மூன்று வாரம் கிடைத்திருக்கும், ஆடியிலும் அது தன்பாட்டில் ஓடும். ஆடியில் புதிதாக எதையும் விட வேண்டாம்.

இரண்டாவது, ஆகஸ்ட் 28. ஆவணி. மண்டபங்கள் திறந்துவிட்டன. காதல் பாட்டோ, மணமேடைக்குள் நுழையும்போது போடத்தக்க பாட்டோ இருந்தால் இதுதான் நேரம். கல்யாண டி.ஜே.க்களுக்குத் தனியாக, தொடக்கத்தில் 8 அடி வெறும் தாளம் வைத்த பதிப்பு கொடுங்கள். அதை ஸ்ட்ரீமிங்கில் ஏற்ற வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

மூன்றாவது, அக்டோபர் 2. புரட்டாசி. பாதி ஊர் சைவத்துக்கு மாறியிருக்கும், கொண்டாட்டம் குறைவு. அதனாலேயே மெதுவான, மனசுக்குள் போகிற பாட்டு இங்கே சரியாக உட்காரும். செப்டம்பர் 24 மரபு நாள் விழா மேடைகளில் இதை ஒரு முறை பாடிப் பார்த்துவிடலாம். இந்தச் சிங்கிளோடு ஆல்பத்தின் முன்பதிவு இணைப்பும் திறக்க வேண்டும். அதற்கு ஆல்பக் கோப்புகள் செப்டம்பர் 11க்குள் விநியோகஸ்தரிடம் போயிருக்க வேண்டும்.

ஆல்பம் அக்டோபர் 30. தீபாவளிக்கு 9 நாள் முன்பு. ஏன் தீபாவளி வெள்ளியில் இல்லை? அந்த வாரம் எல்லா வீட்டிலும் பலகாரமும் பட்டாசும். யாரும் 11 பாட்டு உட்கார்ந்து கேட்க மாட்டார்கள். முன் வாரமே வந்தால் தீபாவளியன்று பழகிய பாட்டாக ஒலிக்கும். இன்னொன்று: தமிழர் ஒரு நாளும் வட இந்திய மரபினர் மறுநாளும் கொண்டாடும் ஆண்டுகள் இங்கே உண்டு, அதன்மேல் சண்டையும் உண்டு. சுவரொட்டியில் 'தீபாவளி வெளியீடு' என்று போட்டு அந்தச் சண்டைக்குள் போக வேண்டாம். ஆல்பத் தேதியை மட்டும் போடுங்கள்.

கோப்பும் விண்ணப்பமும்: நான்கு வாரக் கணக்கு

ஒவ்வொரு சிங்கிளுக்கும் வெள்ளிக்கு 4 வாரம் முன்பே கோப்பை ஏற்றுங்கள். ஜூன் 26க்கு மே 29. ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழு தொகுக்கும் பட்டியல்களில் இடம் கேட்டு விண்ணப்பிக்க, பாட்டு அவர்கள் தளத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். குறைந்தது 7 நாள் முன்பு விண்ணப்பித்தால், குழு தேர்ந்தெடுக்காவிட்டாலும் உங்களைப் பின்தொடர்பவர்களின் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலில் அந்தப் பாட்டு போய்ச் சேரும். 7 நாள் என்பது கடைசி எல்லை. மூன்று வாரம் முன்பு செய்வதுதான் நடைமுறை.

வெளியாகிவிட்ட பாட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பாட்டுக்குத்தான் விண்ணப்பம். ஆல்ப வாரத்தில் இந்த இரண்டு விதியும் சேர்ந்து கடிக்கும். நல்ல பாட்டு நான்கையும் முன்கூட்டியே சிங்கிளாகச் செலவழித்துவிட்டால், ஆல்பம் வரும் வாரத்தில் விண்ணப்பிக்கச் சுமாரான பாட்டுதான் மிஞ்சும். மறுநாள் சோதனையில் இரண்டாம் இடம் வந்த பாட்டை எடுத்து வைத்து, ஆல்பத்தின் முகப்புப் பாட்டாக அதையே விண்ணப்பியுங்கள். யார் வற்புறுத்தினாலும் அக்டோபர் 30க்கு முன்பு அதை வெளியே விடக் கூடாது.

விண்ணப்பத்தில் மொழி 'தமிழ்', ஊர் 'டர்பன்' என்று தெளிவாக எழுதுங்கள். "மிகச் சிறந்த பாட்டு" என்ற வகை வரிகளை யாரும் படிப்பதில்லை. என்ன வாத்தியம், யார் கூடப் பாடியது, எந்த நாளில் எந்த மேடை, எந்த வானொலி என்று நான்கு வரி போதும்.

இந்த நான்கு வாரக் கணக்கால் ஒரு சங்கடம் வரும். முதல் சிங்கிளின் ஓட்டத்தைப் பார்த்து இரண்டாவதை மாற்ற உங்களுக்கு ஜூலை 31வரை, அதாவது ஐந்து வாரம் கிடைக்கும். மூன்றாவதன் கோப்பு செப்டம்பர் 4 அன்று போயாக வேண்டும். இரண்டாவது வெளியாகி அப்போது ஒரு வாரம்தான். ஆகவே மாற்றம் செய்ய உண்மையான வாசல் ஒன்றே ஒன்று, அது ஜூலையில். மூன்றாவதை முதலிலேயே உறுதி செய்துவிடுங்கள்.

அருவி முறை

இரண்டாவது சிங்கிளை ஏற்றும்போது அதைத் தனியாக விடாமல், இரண்டு பாட்டு கொண்ட வெளியீடாக ஏற்றுங்கள்: மேலே புதுப் பாட்டு, கீழே முதல் சிங்கிள். மூன்றாவதில் மூன்று பாட்டு. ஒன்றைக் கேட்க வந்தவர் அடுத்ததற்குத் தானாக வழுக்கிப் போவார். தண்ணீர் படிப்படியாக விழுவதுபோல என்பதால் தொழிலில் இதற்கு அருவி என்று பெயர்.

வேலை செய்ய வேண்டுமானால் பழைய பாட்டின் ஐ.எஸ்.ஆர்.சி., ஒலிக்கோப்பு, தலைப்பு, கலைஞர் பெயர் நான்கும் அப்படியே இருக்க வேண்டும். வெளியீட்டுக்கான பார்கோடு எண் மட்டும் புதிது. பொருந்தினால் கேட்பு எண்ணிக்கை கூடவே வரும். பொருந்தாமல் போவதற்கு நம்மவர்களிடம் ஒரு தனிக் காரணம் உண்டு: எழுத்துக்கூட்டல். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஒரு முறை ஒற்றை மெய், மறுமுறை இரட்டை மெய், ஒரு முறை நெடிலுக்கு இரண்டு எழுத்து என்று எழுதினால் தளம் இரண்டு பாட்டாக, சில சமயம் இரண்டு பாடகராகவே ஆக்கிவிடும். முதல் நாளே ஒரே எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதி, அட்டைப்படம் வரைபவரிலிருந்து வானொலிக்குக் கடிதம் எழுதுபவர்வரை எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.

மூன்று பாட்டுவரை, ஒவ்வொன்றும் 10 நிமிடத்துக்குள் இருந்தால், தளம் அதைச் சிங்கிள் என்றே வைக்கும். நான்காவதைச் சேர்த்தால் ஈ.பி., அதாவது குட்டி ஆல்பம், ஆகிவிடும். அருவி மூன்றோடு நிற்கட்டும்.

ஆல்பம் வந்த அன்றே பழைய சிங்கிள் வெளியீடுகளை நீக்கிவிடும் அவசரம் சிலருக்கு. பட்டியல்களில் சேர்த்தவர்களின் இணைப்பு அறுந்துபோகலாம். ஆல்பத்தில் எண்ணிக்கை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இரண்டு மூன்று வாரம் கழித்து நீக்குங்கள். நீக்காமலே விட்டாலும் குடி முழுகாது.

பதிப்புகளைப் பெருக்காதீர்கள்

வேகப்படுத்தியது, மெதுவாக்கியது, வெறும் இசை, வானொலிக்கு வெட்டியது என்று ஒரே பாட்டை ஐந்து விதமாக ஏற்றுவது இப்போதைய பழக்கம். ஒலி மாறினால் ஒவ்வொன்றுக்கும் தனி ஐ.எஸ்.ஆர்.சி. வேண்டும், கேட்பும் தனித்தனியாகப் பிரியும். 2024இலிருந்து ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 கேட்பு தொடாத பதிவுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகை கிடையாது. 3,000 கேட்பை ஐந்தாகப் பிரித்து வைத்தால் கைக்கு ஒன்றுமே வராமல் போகலாம். டி.ஜே. பதிப்பை நேரில் கொடுங்கள், வானொலிப் பதிப்பை வானொலிக்கு மட்டும் அனுப்புங்கள்.

வானொலி

இங்கே முதலில் நினைவுக்கு வருவது லோட்டஸ் எஃப்.எம்.; 1983இல் ரேடியோ லோட்டஸாகத் தொடங்கிய, அரசு ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி.யின் நிலையம். டர்பனோடு நிற்காமல் ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலும் பிரிட்டோரியா பக்கம் லாடியத்திலும் கேட்கிறார்கள். பாட்டை வெளியீட்டுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே அனுப்புங்கள். நீளம் 3 முதல் 3.30 நிமிடம். ஸ்ட்ரீமிங்குக்கு 8 விநாடியில் குரல் வர வேண்டும் என்றோம், வானொலிக்கு நேர்மாறு. அறிவிப்பாளர் பேசி முடிக்க 12 விநாடி வெறும் இசை இருந்தால் அவருக்கு வசதி, உங்கள் பல்லவியின்மேல் பேச மாட்டார். கூடவே ஒரு சிறு தாள்: தலைப்பை எப்படி உச்சரிப்பது, அதன் பொருள் ஆங்கிலத்தில் ஒரே வரியில். தமிழ் தெரியாத அறிவிப்பாளர் தயங்கும் பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததைப் போடுவது மனித இயல்பு.

வானொலிக்கு அனுப்பும் முன்பே உரிமைப் பதிவுகள் முடிந்திருக்க வேண்டும். அதற்கு மூன்று அமைப்பு, மூன்றும் வேறு வேறு. பாடல் எழுதியவர், மெட்டமைத்தவர் ஆகியோரின் நிகழ்த்து உரிமைக்கு சாம்ரோ. அதே படைப்பைப் பிரதி எடுப்பதற்கும் ஸ்ட்ரீம் செய்வதற்குமான உரிமைக்கு கபாஸோ. பதிவுசெய்த ஒலி வானொலியில் ஒலிப்பதற்காகப் பாடியவருக்கும் பதிவின் சொந்தக்காரருக்கும் வசூலிப்பது சாம்ப்ரா. ஒன்றில் பதிந்தால் மற்றவை தானாக நடக்கும் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை ஸ்டுடியோவை விட்டு வெளியே வருமுன் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாட்டு ஓடிய பிறகு கேட்டால் தவில் வாசித்தவரும் இசையமைத்ததில் தனக்குப் பங்கு உண்டு என்பார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்.

பழைய சினிமாப் பாட்டின் மெட்டைப் பல்லவியில் செருகியிருந்தால் அந்தப் பாட்டு சிங்கிள் வரிசையிலேயே வேண்டாம். எழுத்தில் அனுமதி இல்லாவிட்டால் யூடியூபின் தானியங்கி அடையாளம் மெட்டைக்கூடப் பிடிக்கும். வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது காணொளியே முடங்கும். இணையத்தில் வாடகைக்கு வாங்கிய தாளத்துக்கும் அதே கதி: அதே தாளத்தை வேறு நூறு பேர் வாங்கியிருப்பார்கள், அவர்களில் முந்திக்கொண்டவர் உங்கள் பாட்டின்மீது உரிமை கோருவார்.

பணத்தை எப்படிப் பிரிப்பது

விளம்பரத்துக்கு 100 ராண்ட் இருந்தால்: முதல் சிங்கிளுக்கு 20, இரண்டாவதுக்கு 25, மூன்றாவதுக்கு 10, ஆல்ப வாரத்துக்கு 25, பிறகு வரும் ரீமிக்ஸுக்கு 15, கையில் 5. முதலாவதைவிட இரண்டாவதுக்கு ஏன் அதிகம்? முதலாவதைக் கேட்டவர்கள் யார், எந்த ஊர், எந்த வயது என்று அப்போது தெரிந்திருக்கும். காசு இலக்கில்லாமல் போகாது. காணொளியும் அப்படித்தான். பெரிய செலவில் எடுப்பது ஒன்றே ஒன்று, இரண்டாவதுக்கு. மற்றவற்றுக்கு வரிகள் ஓடும் காணொளி போதும். தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தில் உச்சரிப்பும் மேலும் கீழுமாக. படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளும் சேர்ந்து பாட அதுதான் வழி.

வாட்ஸாப்பில் முழுப் பாட்டையும் கோப்பாக அனுப்பும் பழக்கத்தை முதலில் உங்கள் வீட்டிலேயே நிறுத்துங்கள். அத்தையும் மாமாவும் அன்போடு ஐம்பது பேருக்கு அனுப்பும் அந்தக் கோப்பால் ஒரு கேட்புகூடப் பதிவாகாது. ஸ்டேட்டஸில் வைக்க 30 விநாடிக் காணொளியும் கூடவே இணைப்பும் தயாராக வைத்து, அதை அனுப்பச் சொல்லுங்கள்.

எண்களைப் படிப்பது

முதல் மூன்று நாள் எண்ணிக்கை உறவினர் எண்ணிக்கை. பத்தாம் நாள் பாருங்கள். மொத்தக் கேட்பைவிட ஓர் ஆள் எத்தனை முறை கேட்டார் என்பது முக்கியம். கேட்பைக் கேட்டவர் தொகையால் வகுத்தால் வரும். 2க்கு மேல் இருந்தால் பாட்டு பிடித்திருக்கிறது, ஆள்தான் போதவில்லை, பணம் போடலாம். 1.3 மாதிரி இருந்தால் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். பணம் போட்டாலும் அதேதான் நடக்கும். இவை அனுபவக் கணக்கு, சட்டம் இல்லை. நூலகத்தில் சேமித்தவர் எத்தனை, எந்த ஊர் என்பதையும் குறியுங்கள். டர்பனை விடக் கோலாலம்பூர் மேலே வந்திருந்தால் இரண்டாவது சிங்கிளின் விளம்பரக் காசில் பாதியை அங்கே திருப்புங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆல்பத்துக்குப் பிறகு

பெரும்பாலோர் இங்கே களைத்துப் படுத்துவிடுகிறார்கள். துவா லிபாவின் 'லெவிடேட்டிங்' பாட்டு, ஆல்பம் வந்து பல மாதம் கழித்து ரீமிக்ஸோடு எழுந்தது. வாரப் பட்டியலில் 2ஆம் இடத்தைத் தாண்டவே இல்லை, ஆனால் பில்போர்டின் 2021 ஆண்டுப் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். நீண்ட நாள் ஓடுவது உயரம் தொடுவதைவிட அதிகம் தரும்.

ஆல்பம் வெளியான இரண்டு வாரத்தில், யாரும் தள்ளிவிடாமலே மேலே ஏறும் பாட்டு ஒன்று தெரியும். அது நீங்கள் நினைத்த பாட்டாக இருக்காது. அதற்கு ஓர் அமாபியானோ (தென்னாப்பிரிக்க ஆட்ட இசை) ரீமிக்ஸ், நவம்பர் 20 அன்று; நான்கு வாரக் கணக்குக்கு இங்கே நேரம் இருக்காது. 27 வேண்டாம்: அது பிளாக் ஃப்ரைடே, கடைக்காரர்கள் விளம்பர விலையை ஏற்றிவிடுவார்கள். டிசம்பர் வேண்டாம்: டி.ஜே.க்கள் விடுமுறைப் பட்டியலை அதற்குள் பூட்டியிருப்பார்கள். டிசம்பர் 31 நள்ளிரவுக்கு ஜூலு வானொலியான உகோசி எஃப்.எம். ஆண்டின் பாட்டைப் போடும் போட்டி சூடு பிடித்துவிட்டால் ஊர்க் காது வேறு பக்கம் போய்விடும்.

ரீமிக்ஸ் செய்பவரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லுங்கள். அமாபியானோ நிமிடத்துக்கு 112 அடியை ஒட்டி, நான்கு நான்காக நடப்பது. உங்கள் மூலப் பாட்டு காவடிச் சிந்து மாதிரி 6/8 நடையில் இருந்தால், குரலை இழுத்து நான்குக்குள் திணிக்காமல், ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரித்து, அமாபியானோவின் அடித்தாளமான லாக் டிரம்மை அதற்குள் நடக்க வைக்கச் சொல்லுங்கள். திணித்தால் தமிழில் குறில் நெடிலாகும், நெடில் குறிலாகும். 'கல்' 'கால்' ஆகிவிடும். ரீமிக்ஸ் கேட்டு முடிவு செய்யும்போது அதைத்தான் முதலில் கவனியுங்கள்.

ஜனவரியில் ஒன்றும் விட வேண்டாம். டிசம்பர் சம்பளம் முன்னதாகவே வந்து கரைந்துபோயிருக்கும், பள்ளிச் செலவு வேறு; பிறகு தைப்பூசக் காவடி விரதம். ஆல்பத்தில் பக்திச் சாயல் உள்ள பாட்டு இருந்தால் காவடிக்குப் பத்து நாள் முன்பு அதன் மேடைக் காணொளியை மட்டும் வெளியிடலாம். ரீமிக்ஸ் விளம்பரத்தை அன்றோடு நிறுத்திவிடுங்கள். விரதம் இருக்கிற வீட்டுக் கைப்பேசியில் அது வந்து குதித்தால் பாட்டுக்கும் கெட்ட பெயர், பாடியவருக்கும் கெட்ட பெயர்.